2600கே முதல் இன்று வரை: ஒவ்வொரு தலைமுறை பிராசஸரும் உண்மையில் எவ்வளவு வேகம் கூட்டியிருக்கிறது?

#1 ஏட்டுக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இன்டெல் ஐ7-2600கே. 2011-இல் வந்த பிராசஸர். கூடவே 16 ஜிபி டிடிஆர்3 ரேம், ஒரு சாட்டா எஸ்எஸ்டி. ஓடுவது லினக்ஸ் என்பதால், பழைய சில்லுகளை ஏற்காத விண்டோஸ் 11-இன் பிரச்சினை எனக்கு இல்லை.

என் வேலை பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற மென்பொருள் கொண்டு பக்கப் படங்களை எழுத்தாக மாற்றுவது. அப்புறம் கொஞ்சம் படத் திருத்தம்: மஞ்சளித்த தாளை வெளுப்பாக்குவது, சாய்ந்த பக்கத்தை நேராக்குவது. ஒரு பெரிய அகராதியைக் கொடுத்தால் ராத்திரி முழுக்க ஓடுகிறது.

2600கே-க்குப் பிறகு இன்டெல் பன்னிரண்டு "தலைமுறை" கடந்து, பெயரையே மாற்றி, கோர் அல்ட்ரா என்கிறது. ஏஎம்டி-யில் ரைசன் 9000 வரை வந்தாயிற்று. கடையில் கேட்டால் "சார், பத்து மடங்கு வேகம்" என்கிறார்கள். இன்னொருவர் "இன்டர்நெட் பார்க்கிறதுக்கு அதுவே போதும் சார்" என்கிறார். இரண்டில் எதை நம்புவது? தலைமுறைக்குத் தலைமுறை உண்மையில் எவ்வளவு கூடியது என்று கணக்குப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். சொல்லுங்கள்.

#2 வெள்ளிமலை

ஐயா, யோசிக்கவே வேண்டாம், ஏஎம்டி-யின் ரைசன் 7 9800எக்ஸ்3டி எடுத்துவிடுங்கள். 2024 நவம்பரில் வந்தது. வந்தபோது கேமில் அதை மிஞ்ச ஆளில்லை. 2600கே-யோடு ஒப்பிட்டால் வேறு உலகம்.

#3 இரவுவேலை

@வெள்ளிமலை அவர் கேம் ஆடவில்லையே. அந்தச் சில்லுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, கீழே அடுக்கிய கேஷுக்குத்தான் (சில்லுக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்) போகிறது. 96 எம்பி எல்3 கேஷ் கேமுக்கு வரப்பிரசாதம். ஓசிஆருக்கு (படத்தை எழுத்தாக்கும் வேலைக்கு) அவ்வளவு தேவைப்படாது. அவருடைய வேலையை வைத்துப் பேசுவோம்.

#4 சில்லுப்பித்தன்

நல்ல கேள்வி, ஐயா. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு பிராசஸரின் வேகம் ஒரே எண் இல்லை, மூன்று எண்களின் பெருக்கல். ஒரு கிளாக் துடிப்பில் ஒரு கோர் (சில்லுக்குள் தனியாக இயங்கும் கணக்குப் பிரிவு) எவ்வளவு வேலை முடிக்கிறது என்பது முதலாவது (ஐபிசி என்கிறார்களே, அது). நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது இரண்டாவது. எத்தனை கோர் என்பது மூன்றாவது. நடப்பவனின் எட்டு எவ்வளவு நீளம், எவ்வளவு சீக்கிரம் எட்டு வைக்கிறான், எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பது மாதிரி. ஒவ்வொரு காலகட்டத்திலும் கம்பெனிகள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் தள்ளின. எதைத் தள்ளின என்று பார்க்காமல் "அடுத்த தலைமுறை, அதனால் வேகம்" என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது தள்ளியது இரண்டாவது எண்ணை மட்டும். பைப்லைனை (ஒரு கட்டளை கடந்துபோகும் படிவரிசையை) 20 கட்டமாக நீட்டி, கிளாக்கை 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினார்கள். ஒரு துடிப்பில் முடிந்த வேலை குறைந்துபோனது. பிறகு வந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III டுவாலட்டின் பல வேலைகளில் அந்த ஆரம்பகாலப் பென்டியம் 4-ஐ முந்தியது. 2004-இல் வந்த பிரெஸ்காட்டில் பைப்லைன் 31 கட்டம். கிளாக் 3.8 வரை போய் நின்றது. 4 கிகாஹெர்ட்ஸில் வரவேண்டிய பென்டியம் 4-ஐ இன்டெல் அந்த அக்டோபரில் கைவிட்டது. காரணம் சூடு. 1974-இல் ராபர்ட் டெனார்ட் குழு சொன்ன விதிப்படி டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தமும் குறையும், அதனால் அதே பரப்பில் சூடு கூடாது. உற்பத்தி நுட்பம் 90 நானோமீட்டரை எட்டியபோது கசிவு மின்சாரம் அந்த விதியை உடைத்துவிட்டது.

2006 ஜூலையில் கோர் 2 டியோ வந்தது. கிளாக் வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷனைப் பெரும்பாலான சோதனைகளில் தோற்கடித்தது. கிளாக்கை மட்டும் பார்த்து வாங்கிய பழக்கம் அன்றோடு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை, வேறு வேஷத்தில் "எத்தனையாவது ஜெனரேஷன்?" என்று இன்னும் நடமாடுகிறது.

உங்கள் சாண்டி பிரிட்ஜ் 2011 ஜனவரியில் வந்தது. 32 நானோமீட்டர், 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), டர்போ (உச்ச கிளாக்) 3.8. அருமையான வடிவமைப்பு, அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது:

2012 ஐவி பிரிட்ஜ் 3770கே, டர்போ 3.9.
2013 ஹாஸ்வெல் 4770கே, டர்போ 3.9. பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் வந்தன (இது உங்களுக்கு முக்கியம், பிறகு சொல்கிறேன்).
2015 ஸ்கைலேக் 6700கே, டர்போ 4.2.
2017 ஜனவரி கேபி லேக் 7700கே, டர்போ 4.5.

எல்லாமே 4 கோர். சாண்டி பிரிட்ஜிலிருந்து ஸ்கைலேக் வரை ஐபிசி சுமார் 25 சதவீதம் கூடியது என்பதுதான் அன்றைய சோதனைகளின் பொதுவான முடிவு. கேபி லேக்கில் அது கூடவே இல்லை. ஆக 7700கே-வின் மொத்தக் கணக்கு: 1.25 பெருக்கல் (4.5 வகுத்தல் 3.8), கிட்டத்தட்ட 1.48. ஆறு வருஷத்தில் ஒன்றரை மடங்கு கூட இல்லை. 2017-இல் நீங்கள் மாற்றாமல் இருந்தது நியாயம்தான்.

#5 ஏட்டுக்கட்டு

மிக்க நன்றி. "ஐந்து தலைமுறை தாண்டிவிட்டது" என்று 2017-இல் என்னிடம் ஒரு கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வருகிறது. இந்தக் கணக்கு அப்போது கையில் இல்லை.

சரி, 2017-க்குப் பிறகு?

#6 இரவுவேலை

2017-க்குப் பிறகு கதை மாறுகிறது, ஆனால் இன்டெல் பக்கம் ஐபிசி-யில் உடனே மாறவில்லை. இதை நிறைய பேர் கவனிப்பதில்லை.

6700கே, 7700கே, 8700கே, 9900கே, 10900கே. பெயரில் ஐந்து தலைமுறை. உள்ளே இருக்கும் கோர் ஒன்றேதான், 2015-இன் ஸ்கைலேக். 10 நானோமீட்டர் உற்பத்தி இன்டெல்லுக்குச் சரியாக அமையாமல் வருஷக்கணக்கில் தள்ளிப்போனதால், 14 நானோமீட்டரிலேயே கோர்களை 4, 6, 8, 10 என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். டர்போ 4.2-இலிருந்து 5.3. ஒரே கிளாக்கில் வைத்து ஒரு கோரை மட்டும் ஓட்டினால் 6700கே-யும் 10900கே-யும் ஏறக்குறைய ஒரே வேகம்தான்.

அப்புறம் 2021 மார்ச்சில் ராக்கெட் லேக் 11900கே. 10 நானோமீட்டருக்கென்று வரைந்த கோரை 14-க்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஐபிசி 19 சதவீதம் கூடியது என்றது இன்டெல். ஆனால் கோர் பெரிதாகிவிட்டதால் எட்டுக்கு மேல் வைக்க இடமில்லை. அதனால் எல்லாக் கோரையும் வேலை வாங்கும் ரெண்டர், கம்பைல் மாதிரி வேலைகளில் முந்தைய தலைமுறை 10900கே-யே முன்னால் நின்றது. உங்கள் வேலையும் எல்லாக் கோரையும் நிரப்பும் வகை. அன்று "புதுசு" என்று 11900கே வாங்கியிருந்தால் நஷ்டம்.

இன்டெல்லின் உண்மையான தாவல் 2021 நவம்பரில் வந்த ஆல்டர் லேக். 8 பெரிய கோர், 8 சிறிய கோர் என்று இரண்டு வகை கலந்தது. ஆனால் 12900கே-யின் உச்ச மின்சாரம் 241 வாட். உங்களுடையது 95 வாட் வகுப்பு.

#7 சில்லுப்பித்தன்

இரவுவேலை சொன்னதோடு, ஐபிசி எப்படிக் கூடுகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். இதில்தான் எனக்கு உண்மையான ஆர்வம்.

கோர் பெரும்பாலான நேரம் நினைவகத்துக்காகக் காத்திருக்கிறது. ஒரு தகவல் கேஷில் இல்லாமல் ரேமுக்குப் போகவேண்டி வந்தால் நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீண். அந்தக் காத்திருப்பில், பின்னால் வரிசையில் நிற்கும் கட்டளைகளில் எவை முன்னதைச் சாராதவையோ அவற்றை எடுத்து முடித்துவிடலாம். அப்படி எத்தனை கட்டளைகளை ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்க முடியும் என்பதற்கு ஒரு மேசை இருக்கிறது, ரீஆர்டர் பஃபர். சாண்டி பிரிட்ஜில் 168 இடம். ஹாஸ்வெல்லில் 192, ஸ்கைலேக்கில் 224. ராக்கெட் லேக்கில் 352, ஆல்டர் லேக்கின் பெரிய கோரில் 512! ஏஎம்டி பக்கம், ரைசன் சில்லுகளுக்குள் இருக்கும் ஜென் என்ற கோர் வடிவமைப்பில், ஜென் 3-இல் 256, ஜென் 4-இல் 320, ஜென் 5-இல் 448.

168-இலிருந்து 512 என்றால் மூன்று மடங்கு. வேகம் மூன்று மடங்கு ஆகவில்லை. ஏனென்றால் எந்தக் கிளையில் நிரல் திரும்பும் என்ற ஊகம் தப்பினால் அந்தக் கிளைக்குப் பின்னால் மேசைக்கு வந்ததையெல்லாம் தூக்கி எறிய வேண்டும். ஊகிக்கும் பகுதி, கேஷ், கட்டளைகளைப் பிரித்துக் கொடுக்கும் முன்பகுதி எல்லாம் சேர்ந்து வளர்ந்தால்தான் பத்துப் பதினைந்து சதவீதம் கிடைக்கும். அந்தப் பதினைந்து சதவீதத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பொறியாளர்களின் பல வருஷ உழைப்பு இருக்கிறது. "வெறும் 15 தானா" என்று சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

ஹென்னஸி, பேட்டர்சன் இருவரும் கணினிக் கட்டமைப்புப் பாடநூலில் ஒரு வரைபடம் போட்டிருப்பார்கள். 1986 முதல் 2003 வரை ஒற்றை பிராசஸர் வேகம் ஆண்டுக்கு 52 சதவீதம் கூடியது. 2015-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.5 சதவீதம். நீங்கள் காத்திருந்த வருஷங்களில் ஒரு பகுதி அந்தத் தட்டையான கோட்டில்தான் விழுகிறது.

#8 வெள்ளிமலை

> ஆண்டுக்கு 3.5 சதவீதம்

இதோடு நிறுத்தினால் ரைசனுக்கு அநியாயம் அண்ணா. ஏஎம்டி கணக்கையும் போடுங்கள்.

2017 மார்ச் ஜென், 1800எக்ஸ், 8 கோர், 4.0 கிகாஹெர்ட்ஸ். அப்போது இன்டெல்லின் சாதாரண மேசைக் கணினிச் சில்லுகள் 4 கோரில் நின்றுகொண்டிருந்தன. 2018 ஜென்+, ஐபிசி 3 சதவீதம் கூடுதல். 2019 ஜூலை ஜென் 2, 15. 2020 நவம்பர் ஜென் 3, 19. 2022 செப்டம்பர் ஜென் 4, 13. 2024 ஆகஸ்ட் ஜென் 5, 16. எல்லாம் ஏஎம்டி சொன்ன எண்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: 1.85 வருகிறது. 9700எக்ஸ் டர்போ 5.5, அதாவது கிளாக் 1.375 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஒரு கோருக்கு இரண்டரை மடங்கு, ஏழரை வருஷத்தில். ஆண்டுக்கு 13 சதவீதம். 2011 முதல் 2017 வரை இன்டெல் கொடுத்ததைப் போல இரண்டு பங்கு.

#9 இரவுவேலை

பெருக்கல் சரி. ஆனால் அந்த 16 சதவீதம் எந்த வேலைகளின் சராசரி என்பதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தன் பட்டியலைத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஜென் 5 வந்தபோது கேம் ஆடியவர்கள் 9700எக்ஸையும் 7700எக்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "ஒன்றும் பெரிதாகக் கூடவில்லையே" என்றார்கள். ஏவிஎக்ஸ்-512 பயன்படுத்தும் கணக்கு வேலை பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். கேம் நினைவகத் தாமதத்தில் சிக்கி நிற்கிறது. அதனால்தான் கோரை மாற்றாமல், கிளாக்கையும் குறைத்து, கேஷை மட்டும் 32-இலிருந்து 96 எம்பி ஆக்கிய 5800எக்ஸ்3டி 2022-இல் அவ்வளவு பெரிய தாவல் தாவியது.

இன்னொன்று. 7700எக்ஸ் 105 வாட் சில்லு. 9700எக்ஸை 65 வாட்டில் விட்டார்கள். எல்லாக் கோரையும் ஓட்டும் சோதனையில் வித்தியாசம் குறைவாகத் தெரிந்ததற்கு இதுவும் காரணம். அடுத்த மாதமே பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாக 105 வாட் வாய்ப்பைக் கொடுத்தார்கள். மின்சார எல்லையைப் பார்க்காமல் இரண்டு தலைமுறையை ஒப்பிட்டால் அது முழு ஒப்பீடு ஆகாது.

#10 தறிச்சத்தம்

மின்சாரம் பற்றிப் பேச ஆரம்பித்ததால் வந்தேன். திருப்பூரில் எங்கள் அலுவலகத்தில் டிசைன் வேலைக்கு ஒரு வரிசை மெஷின் வைத்திருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் 241 வாட் சில்லு ரிவ்யூக்களில் காட்டும் வேகத்தைக் காட்டாது. சூட்டெல்லை தொட்டதும் கிளாக்கைத் தானே இறக்கிக்கொள்ளும். ரிவ்யூ செய்பவர்கள் குளிரூட்டிய அறையில், பெரிய வாட்டர் கூலர் போட்டு ஓட்டுகிறார்கள். எங்களுக்கு 65 வாட் வகுப்புச் சில்லுகளில்தான் மே மாதமும் டிசம்பரும் ஒன்றாக இருக்கின்றன.

ஐயாவுடைய வேலை ராத்திரி முழுக்க ஓடுவது. அவருக்கு ஒரு நிமிஷ உச்ச வேகம் தேவையில்லை, ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம்தான் தேவை. அதைப் பார்த்து வாங்குங்கள், ஐயா.

#11 கடல்காற்று

மேசைக் கணினி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஊரில் பாதிப் பேர் வாங்குவது லேப்டாப். அங்கே தலைமுறை எண் இன்னும் மோசமாக வழி தவற வைக்கும்.

நல்ல உதாரணம் முதலில். ஐ7-7500யு, 2016: 2 கோர், 4 த்ரெட், 15 வாட். ஐ5-8250யு, 2017: 4 கோர், 8 த்ரெட், அதே 15 வாட். ஐ7-ஐ விட அடுத்த வருஷ ஐ5 வேகம், காசும் குறைவு. கோர் வடிவமைப்பு மாறவேயில்லை, எண்ணிக்கைதான் இரட்டித்தது. தலைமுறை மாறியதற்கு முழுப் பலன் கிடைத்த அபூர்வமான இடம் அது.

இப்போது மோசமான உதாரணம். ரைசன் 5 5500யு உள்ளே ஜென் 2, ரைசன் 5 5600யு உள்ளே ஜென் 3. ஒரு எண் வித்தியாசம், ஒரு முழுத் தலைமுறை இடைவெளி. அதற்குப் பிறகு 7520யு என்று ஒன்று வந்தது. 7000 வரிசை என்று பார்த்தால் ஜென் 4 என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருப்பது 4 கோர் ஜென் 2, அதாவது 2019 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இதைக் கல்லூரிப் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகும் அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்? என் பக்கத்து வீட்டுக்காரருக்காக நானே ஒரு கடையில் நின்று இதை விளக்க வேண்டியிருந்தது. விற்றவருக்கும் அது தெரியவில்லை.

இன்டெல்லும் அப்படித்தான். பத்தாம் தலைமுறையில் ஐ5-10210யு பழைய ஸ்கைலேக் வழி, 14 நானோமீட்டர். ஐ5-1035ஜி1 புது வடிவமைப்பு, 10 நானோமீட்டர். இரண்டுமே பெட்டியில் "10த் ஜென்".

லேப்டாப்பில் இன்னும் ஒரு சிக்கல்: ஐ5-1240பி என்று எழுதியிருந்தால் அடிப்படை 28 வாட், உச்சம் 64 வாட். அந்த 64-ஐ எத்தனை விநாடி கொடுப்பது என்பதை லேப்டாப் செய்தவர்தான் தீர்மானிக்கிறார். ஒரே சில்லு, மெல்லிய உடம்பில் ஒரு வேகம், தடித்த உடம்பில் ஒரு வேகம்.

#12 ஏட்டுக்கட்டு

நான் கேட்டதை விட நிறையக் கற்றுக்கொண்டேன். ஆக எனக்கு முக்கியம் கோர் எண்ணிக்கை, தாங்கும் வேகம் என்று எடுத்துக்கொள்ளலாமா? சில்லுப்பித்தன் ஏவிஎக்ஸ்2 பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றார்.

ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்ததில் பழைய சில்லுகள் மெதுவாகிவிட்டன என்று படித்தேன். என்னுடையதும் அதில் சேருமா?

#13 சில்லுப்பித்தன்

சேரும். 2018 ஜனவரியில் அந்த ஓட்டைகள் வெளிவந்தபோது ஹாஸ்வெல்லும் அதற்கு முந்தையவையும்தான் அதிகம் மெதுவாகும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. ஆனால் அந்த அபராதம் நிரல் அடிக்கடி கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் உள்மையத்துக்குள்) போய்வரும் இடத்தில்தான் விழும், உதாரணமாக டேட்டாபேஸில். டெசராக்ட் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்குப் பாதிப்பு சொற்பம்.

இப்போது ஏவிஎக்ஸ்2. டெசராக்ட் 4-இலிருந்து உள்ளே இருப்பது நியூரல் வலைப்பின்னல். அது செய்வதெல்லாம் பெருக்கிக் கூட்டுவது. அதற்கு இரண்டு வகை மாடல் இருக்கிறது. "பெஸ்ட்" தசம எண்களில் கணக்கிடும், "ஃபாஸ்ட்" முழு எண்களில். முழு எண் கணக்கை ஹாஸ்வெல்லும் அதற்குப் பிந்தைய சில்லுகளும் ஏவிஎக்ஸ்2 வழியாக 256 பிட் அகலத்தில் ஒரே அடியாகச் செய்யும். உங்கள் சாண்டி பிரிட்ஜில் ஏவிஎக்ஸ் உண்டு, ஆனால் அது தசம எண்ணுக்கு மட்டும்தான் அகலம். முழு எண்ணுக்குப் பழைய 128 பிட் எஸ்எஸ்இ வழிதான். ஆகவே எந்தப் புதுச் சில்லுக்குப் போனாலும், நான் மேலே போட்ட ஐபிசி கணக்குக்கு மேல் உங்களுக்குக் கொஞ்சம் போனஸ் உண்டு. சராசரிப் பட்டியலில் தெரியாத, உங்கள் வேலைக்கே உரிய லாபம் அது.

முக்கியமான இன்னொன்று: வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். டெசராக்ட் ஒரு பக்கத்தையே நான்கு த்ரெட்டுக்குப் பங்கு போடப் பார்க்கும். அந்தப் பங்கீட்டில் லாபத்தை விட ஒன்றுக்கொன்று காத்திருப்பதே அதிகம். ஓஎம்பி_த்ரெட்_லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு, பக்கங்களைத் தனித்தனி வேலையாக ஒரே சமயத்தில் எட்டு ஓட்டுங்கள். எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையே போதும்.

#14 இரவுவேலை

இதற்குப் பின்னால் 1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இருக்கிறது. ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பங்கு போட முடியும், 10 சதவீதம் முடியாது என்றால், 8 கோரில் கிடைப்பது 4.7 மடங்கு. 16 கோரில் 6.4. கோடி கோர் போட்டாலும் 10-ஐத் தாண்டாது. ஒரு பக்கத்தை உள்ளுக்குள் பிரிப்பது அந்த வகை. பக்கத்துக்கு ஒரு கோர் என்று கொடுத்தால் பிரிக்க முடியாத பகுதி என்றே ஒன்று இருக்காது, ஒரு பக்கம் இன்னொன்றைச் சார்ந்ததில்லை. ஐயாவின் வேலை கோருக்குக் கோர் பலன் தரும் வேலை.

#15 ஏட்டுக்கட்டு

இரண்டு நாள் கழித்து வருகிறேன். சில்லுப்பித்தன் சொன்னபடி மாற்றி, நேற்று ராத்திரி ஒரு பழைய நிகண்டுப் பதிப்பை ஓட்டினேன். வழக்கமாக விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். நான் தூங்கப் போவதற்குள் முடிந்துவிட்டது! அதே 2600கே, ஒரு பைசா செலவில்லை.

ஆனாலும் மதர்போர்டுக்கு வயதாகிவிட்டது. யுஎஸ்பி இணைப்புகள் சரியாக வேலை செய்வதில்லை, ஸ்கேனர் அடிக்கடி அறுந்துபோகிறது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ரைசன் 5 7600, ரைசன் 7 5700எக்ஸ் இரண்டில் நிற்கிறேன். 7600 புதுத் தலைமுறை. எது?

#16 சில்லுப்பித்தன்

இதைக் கணக்காகவே போட்டுவிடுவோம். ஜென் 2-வின் ஐபிசி ஏறக்குறைய ஸ்கைலேக் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது உங்கள் சில்லைப் போல 1.25.

5700எக்ஸ் (ஜென் 3): ஐபிசி 1.25 பெருக்கல் 1.19, அதாவது 1.49. கிளாக் 4.6 வகுத்தல் 3.8, 1.21. ஒரு கோருக்கு 1.8 மடங்கு. கோர் 8, உங்களுடையதைப் போல இரு மடங்கு. மொத்தம் 3.6.

7600 (ஜென் 4): ஐபிசி 1.49 பெருக்கல் 1.13, அதாவது 1.68. கிளாக் 5.1 வகுத்தல் 3.8, 1.34. ஒரு கோருக்கு 2.25 மடங்கு. கோர் 6, அதாவது ஒன்றரை மடங்கு. மொத்தம் 3.4.

இரண்டும் 65 வாட் வகுப்பு. உங்கள் ஓசிஆருக்கு ஒரு தலைமுறை பழைய சில்லு, புதியதற்குச் சமமாக, ஒரு நூல் மேலாகவே நிற்கிறது. எல்லாக் கோரும் ஓடும்போது இரண்டிலும் கிளாக் கொஞ்சம் இறங்கும் என்பதால் இதைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நேராக்குவது, வெளுப்பாக்குவது எல்லாம் திரையில் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்தால் அங்கே 7600 சுறுசுறுப்பாகத் தெரியும், ஒரு கோரின் வேகம்தானே அது.

#17 வெள்ளிமலை

நான் 7600 பக்கம். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் சில்லைப் பொருத்தும் இடம்) பிற்பாடு சில்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 5700எக்ஸ் உட்காரும் முந்தைய ஏஎம்4-இல் பாருங்கள், 2017-இல் போர்டு வாங்கியவர்கள் பயாஸ் அப்டேட் செய்து 5800எக்ஸ்3டி வரை போனார்கள். நானே அப்படிப் போனவன். அதே போர்டு, அதே ரேம்.

#18 தறிச்சத்தம்

வெள்ளிமலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐயா ஒரு சில்லைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருப்பவர். அவர் மறுபடி மாற்றும் காலத்தில் ஏஎம்5-க்கும் வயதாகியிருக்கும். 7600-க்குத் தேவையான டிடிஆர்5 ரேம் இப்போது விற்கிற விலையில், அந்தக் காசுக்கு நல்ல போர்டாக, யுஎஸ்பி நிறைய இருப்பதாகப் பார்த்து வாங்கலாம். அவருடைய உண்மையான தொல்லை ஸ்கேனர் அறுந்துபோவதுதானே.

#19 ஏட்டுக்கட்டு

தறிச்சத்தம் சொன்னதுதான் என் மனதிலும் இருந்தது. 5700எக்ஸ் எடுக்கிறேன். கடைசியாக ஒன்று: ரேம் 32 ஜிபி ஒரே குச்சியாக வாங்கட்டுமா? பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம்.

#20 இரவுவேலை

வேண்டாம் ஐயா, 16 ஜிபி இரண்டு குச்சியாக வாங்குங்கள். ஒரே குச்சி என்றால் நினைவகப் பாதை பாதியாகிவிடும், எட்டுக் கோரும் ஒரே நேரத்தில் பக்கங்களைக் கேட்கும்போது அது உறைக்கும். டிடிஆர்4-3200 எடுத்து, பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமைக் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்க மறக்காதீர்கள். பெரும்பாலும் அது இயங்காமலே வரும். இந்தச் சில்லோடு கூலர் வராது, அதையும் பட்டியலில் சேருங்கள். இதற்குள் படம் காட்டும் பகுதியும் கிடையாது, மானிட்டருக்கு ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படும். உங்கள் பழைய மெஷினில் கார்டு இருந்தால் அதையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

#21 ஏட்டுக்கட்டு

கார்டு இருக்கிறது, பழசுதான், திரைக்குப் போதும். குறித்துக்கொண்டேன். பழைய மெஷினில் ஓடிய அதே நிகண்டை, அதே மாடலில், எட்டுக்குப் பதில் பதினாறு வேலையாகப் புதியதில் ஓட்டி நேரத்தை இங்கே போடுகிறேன்.